சீவாளி செய்வோரும் நம் கடமையும்

கோபுரத்தை நிமிர்ந்து நோக்குவார் பலர். அதனைத் தாங்கி நிற்கும் அடிக்கல்லைக் குனிந்து நோக்குவார் மிகச் சிலர். கலைகளைப் போற்றுவதிலும் மக்களது இயல்பு இவ்வாறே அமைந்துள்ளது. பாடுவோரைப் பாராட்டுகின்றோம், வாசிப்போர்க்கு மாலை சூட்டுகின்றோம், அவர் கையிலிருக்கும் கருவியைச் செய்தளித்த கைகள் எவை என்று வினவுவதில்லை. இம்மறதி ஒரு பெருங்கலைக்கே கேடு சூழக் கூடியது என்பதனை அண்மையில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி எமக்கு உணர்த்திற்று. அதனை நம் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைத்தல் நலமெனக் கருதி இக்கட்டுரையை எழுதலானோம்.

தை மாதத்து முகூர்த்த நாளொன்றில், சென்னைக் கே.கே. நகரில், நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரது திருமணத்திற்குச் சென்றிருந்தோம். அயலிலுள்ள வடபழனி முருகன் கோயிலிலும் அன்று திருமணங்கள் பல. தெருவெங்கும் பட்டாடையும் பூமாலையுமாக இருந்தது. யாம் சென்ற மண்டபம் இயந்திரத்தால் குளிரூட்டப்பட்டது. நாகசுர வித்துவான் கல்யாணி இராகத்தை விரித்து வாசித்துக் கொண்டிருக்கையில், திடீரென நாதம் பிளவுற்றுக் கரகரத்தது. அவர் சிறிதும் பதறினாரல்லர். குழலின் நுனியிலிருந்த சீவாளியைக் கழற்றினார். கருவியில் நூல் கட்டித் தொங்கிய சீவாளிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாயிலிட்டு நனைத்தார். ஊசியால் அதன் வாயைச் சற்றே நெகிழ்த்தினார். ஒரு முறை ஊதிப் பார்த்தார். மீண்டும் கல்யாணி பெருகிற்று. எம் அருகிலிருந்த இளைஞரொருவர், “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!” என்று மெல்ல நகைத்தார். அந்நகைப்பு எமக்கு உவப்பாயில்லை.

உணவு முடிந்தபின் வித்துவானிடம் சென்று அச்சீவாளியைக் காட்டுமாறு கேட்டோம். அவர் அதனை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். கட்டைவிரல் நுனியளவும் இல்லாத ஒரு நாணல் துண்டு! “ஐயா, வாசிக்கிறவன் நானாக இருக்கலாம், பேசுகிறது இதுதான். இந்தக் குளிரறைக் காற்று இதற்கு ஆகாது; உலர்ந்து போய்விடுகிறது. இதற்கு நான் திருவாவடுதுறைக்குத்தான் சொல்லியனுப்ப வேண்டும். ஒரு கட்டு வாங்கினால் அதில் என் வாய்க்கு இசைந்து வருவன சிலவே” என்றார். செய்பவர் வீட்டுப் பிள்ளைகள் அத்தொழிலைக் கற்கின்றனரா என வினவினோம். சற்று நேரம் அவர் மறுமொழி கூறவில்லை. பின்னர், “எனக்குச் செய்து தருபவரின் மகன் இந்தச் சென்னையிலேயே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்? என் மகனும் நாகசுரத்தைத் தொடவில்லையே” என்றார். அச்சொற்கள் எம் நெஞ்சை விட்டு இன்னும் அகலவில்லை.

இனி, அக்கருவியின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். நாகசுரத்தின் உடற்குழலை உளவு என்பர். அது மேலே குறுகிக் கீழே விரியும் கூம்புத் துளையுடையது. அதன் அடியில் மலர்ந்து நிற்கும் பகுதி அணசு எனப்படும். விரல் வைத்து வாசிக்கும் துளைகள் 7. கீழ்ப்புறத்தே விரல் செல்லாத துளைகள் 5. இவ்வைந்தையும் வேண்டியவாறு மெழுகால் அடைத்தும் திறந்தும் நாதத்தைச் சீர் செய்வர். உளவின் நுனியில் பொருத்தும் சிறு உலோகக் குழாய்க்குக் கெண்டை என்று பெயர். அக்கெண்டையின் மேல் ஏறி அமர்வதே சீவாளி. உதடுகளுக்கிடையே அதிர்ந்து, மூச்சுக் காற்றை ஒலியாக மாற்றும் தொழில் அதனுடையது. நாகசுரத்தில் அரைச்சுரங்களையும் நுண்ணிய கமகங்களையும் விரலால் மட்டும் எழுப்பிவிட இயலாது. மூச்சின் அழுத்தத்தாலும், சீவாளியை உதடு பற்றும் திறத்தாலும் எழுப்ப வேண்டும். ஆகவே சீவாளி கெட்டால், உளவு பொன்னாற் செய்யப்பட்டிருப்பினும் பயனில்லை. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது பழமொழி. இச்சிறு துரும்போ ஒரு பேரிசையையே தாங்கி நிற்கின்றது.

சீவாளி செய்யும் முறை கைப்பழக்கத்தால் மட்டுமே வருவது. காவிரிப் பாங்கில் வளரும் கொறுக்கை என்னும் நாணல் இதற்கு ஏற்றது. முற்றிய தட்டைகளைத் தேர்ந்தறுத்து, நாட்பட வைத்துப் பதப்படுத்துவர். நீரில் ஊற வைத்தும் அவித்தும் உலர்த்தியும் பக்குவம் செய்வர். பின்னர் அளவாக நறுக்கித் தட்டையாக்கி, இரண்டு இதழ்களும் ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைத்து, அடிப்புறத்தை நூலால் இறுகச் சுற்றுவர். மேற்புறம் விசிறி போல விரிந்தும், கீழ்ப்புறம் கெண்டையிற் செருகத்தக்கவாறு குவிந்தும் அது அமையும். கனம் சிறிது மிகுந்தால் மூச்சு வீணாகும்; குறைந்தால் நாதம் மெலிந்து கீச்சிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதனை அளவுகோல் சொல்லாது. விரல் நுனியே சொல்லும். திமிரிக்கு ஏற்றது பாரிக்கு ஆகாது. ஒருவர் வாய்க்கு இசைந்தது மற்றொருவர்க்கு இசையாது. மழைக்காலத்து ஈரத்தில் ஒருவாறும், கோடை வெயிலில் வேறொருவாறும் அது நடந்து கொள்ளும். வாயின் ஈரத்தில் நாள்தோறும் நனைந்து உலர்வதால் நெடுநாள் உழைப்பதுமில்லை. வித்துவான் தம் கையிலுள்ள ஊசியால் அதன் வாயைத் திறந்தும், விரலால் அழுத்தியும், இழைத்தும் சில நாள் காப்பாற்றுவார். அதன்பின் புதியதே வேண்டும். நாகசுரம் ஒலிக்கும் காலமெல்லாம் சீவாளி செய்வார் ஒருவர் எங்கோ ஒரு திண்ணையில் அமர்ந்து செய்து கொண்டேயிருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

திருவாவடுதுறைக்குச் சில மைல் தொலைவில், தஞ்சை மாவட்டத்தில், நரசிங்கம்பேட்டை என்னும் ஊர் உளது. குழல் செய்யும் தொழிலில் அவ்வூர் பெயர் பெற்றது. ஆச்சா மரத்தைக் கடைசல் பிடித்து, நீண்ட துரப்பணங்களால் படிப்படியாகத் துளைத்து, அங்குள்ள ஆசாரிமார் உளவு செய்கின்றனர். பச்சை மரம் இதற்கு உதவாது, வெடித்துவிடும். ஆதலின் பழைய வீடுகளை இடிக்கும்பொழுது கிடைக்கும் தூண்களையும் உத்திரங்களையும் தேடி வாங்குவர். பாட்டன் காலத்து வீட்டைத் தாங்கிய மரம், பேரன் திருமணத்தில் நாதமாக ஒலிக்கின்றது என்பது எண்ணுந்தோறும் இனிக்கும் செய்தி. நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. அஃது அவ்வூரார்க்கு உற்ற சிறப்பே. எனினும் குறியீடு பெயரைக் காக்குமேயன்றிக் கையைக் காவாது. கற்பவர் இல்லையேல் பெயர் மட்டும் எஞ்சும்.

வாசிப்போரும் செய்வோரும் கூடினால் எத்துணை நன்மை விளையும் என்பதற்கும் அவ்வூரே சான்று. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையவர்கள் (1898–1956) தோடி இராகத்தால் உலகை மயக்கியவர் என்பது யாவரும் அறிந்ததே. 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நாடு விடுதலை பெற்ற வேளையில் டில்லியில் ஒலித்த மங்கல இசை அவருடையது. அவர் காலத்திற்கு முன் பெரிதும் வழங்கியது, குட்டையான உருவும் உயர்ந்த சுருதியும் உடைய திமிரி நாகசுரம். அதில் சுத்த மத்திமம் தானே அமையாது. வித்துவானே உதட்டால் அடக்கி வருவித்தல் வேண்டும். இக்குறையை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியாரிடம் பிள்ளையவர்கள் எடுத்துக்கூற, அவர் பலகால் முயன்று, நீளம் மிகுந்து சுருதி தாழ்ந்து சுத்த மத்திமம் பிசகாது ஒலிக்கும் பாரி நாகசுரத்தைச் செய்தளித்தார். இன்று நாம் கேட்டு மகிழும் ஆழ்ந்த நாதம் அவ்விருவர் கூட்டுறவில் விளைந்தது. நாகசுர வித்துவானும் மேடையில் அமர்ந்து பெருமையுடன் வாசித்தல் வேண்டும் என்னும் மதிப்பைப் பிள்ளையவர்கள் போராடிப் பெற்றுத் தந்தார். வாசிப்பவர் பெற்ற அம்மதிப்பைச் செய்பவர்க்குப் பெற்றுத் தருவார் இன்னும் தோன்றவில்லை என்பதே எம் குறை.

இழப்பு ஒன்று முன்னரே நேர்ந்துவிட்டது. நாகசுரத்திற்குத் துணையாகச் சுருதி கூட்டுவதற்கு ஒத்து என்றொரு குழல் வழங்கிற்று. நாகசுரம் போன்றதே, ஆனால் விரல் துளை இல்லாதது. அதற்கும் சீவாளி உண்டு. அதனை ஊதுவதற்கென ஒருவர், பெரும்பாலும் பயிலும் மாணவர், பின்னே நிற்பார். ஒரே சுரத்தில் மூச்சை நிறுத்தப் பழகுவதே அவர்க்கு முதற்பாடம். பின்னர்ச் சுருதிப் பெட்டி வந்தது. அதன்பின் மின்விசையால் இயங்கும் சிறு பெட்டி வந்தது. ஒத்து பெரும்பான்மையும் மறைந்தது. ஒரு கருவி மறைந்ததோடு அமையவில்லை. அதனைச் செய்பவர்க்குக் கிடைத்து வந்த ஊதியமும், இளையோர்க்கு அமைந்திருந்த ஒரு பள்ளியும் உடன் மறைந்தன. அன்று ஒருவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. சிறிய பொருள் போனால் பெரியதற்கு என்ன என்று எண்ணியிருப்பர் போலும்.

நிற்க. இத்தகைய நிலை நமக்கு மட்டும் உரியதன்று. மேல்திசையில் அயர்லாந்து தேசத்தில் இல்லின் பைப் என்னும் ஓர் இசைக்கருவி உண்டு. இல்லின் என்பது அந்நாட்டு மொழியில் முழங்கையைக் குறிக்கும் சொல். வாயால் ஊதாது, முழங்கைக்கடியில் வைத்த துருத்தியால் காற்றைப் பைக்குள் செலுத்தி வாசிப்பர். அதன் வாசிப்புக் குழலுக்கும் நம் நாகசுரத்தைப் போன்றே இரட்டை இதழ்ச் சீவாளி உண்டு. அங்கும் ஒருவகை நாணலை அறுத்து, பிளந்து, உட்புறம் குடைந்து, சீவி, சிறு பித்தளைக் குழாயின்மேல் நூலால் கட்டுகின்றனர். நம் கெண்டைக்கு உடன்பிறப்பன்றோ அக்குழாய்! ஈரக் கடற்காற்றுக்கு ஒருவாறும், வறண்ட குளிருக்கு வேறொருவாறும் அச்சீவாளி மாறுபடும் என்று அவர்களும் நம்மவரைப் போலவே குறைபட்டுக் கொள்வர்.

அந்நாட்டில் 1845-இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தினாலும் அதன்பின் மக்கள் கடல் கடந்து குடியேறியதாலும் பழைய இசை நலிவுற்றது. 1968-ஆம் ஆண்டில் இல்லின் பைப் வாசிப்போர் நூற்றுவருக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தனர். அவ்வாண்டு அவர்கள் ஒன்றுகூடி, நா பீபரி இல்லின் என்னும் கழகத்தை நிறுவினர். அக்கழகத்தார் வாசிக்கக் கற்பிப்பதோடு நின்றாரல்லர். குழல் செய்யவும் சீவாளி செய்யவும் பயிற்சி அளிக்கலாயினர். வாசிப்பவரே தம் சீவாளியைச் சீர் செய்யவும், இயலுமேல் புதிதாகச் செய்யவும் பழக்கினர். 2017-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அவ்விசைமரபை உலக மக்களது பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்று அக்கருவி கடல் கடந்தும் பல நாடுகளில் ஒலிக்கின்றது. மேலும் ஒன்று கருதத்தக்கது. துருத்திக் காற்றால் இயங்கும் அச்சீவாளியில் வாயின் ஈரம் படுவதில்லை. ஆதலின் நன்கு செய்த ஒன்று ஆண்டுகள் பல உழைக்கும். நம்முடையதோ நாள்தோறும் நனைந்து விரைவில் தேய்வது. பல்லாண்டு உழைக்கும் சீவாளிக்கே அவர்கள் பள்ளி வகுத்தனரெனின், விரைவில் தேய்வதற்கு நாம் யாது செய்தல் வேண்டும்?

இவ்விடத்துச் சிலர் கூறும் தடைகளையும் ஆராய்தல் முறை. இயந்திரத்தால் செய்துவிடலாமே என்பர் சிலர். மேல்நாட்டுக் குழல்கள் சிலவற்றிற்குச் செயற்கைப் பொருளாலான சீவாளிகள் வந்துள்ளமை உண்மையே. அத்தகைய ஆராய்ச்சியை யாம் வெறுப்பவரல்லேம். எனினும், வித்துவானது உதட்டின் தன்மையையும் மூச்சின் வலிமையையும் கேட்டறிந்து, அதற்கேற்ப இழைத்துத் தருபவர் ஒருவர் இருந்தே தீரவேண்டும். அவ்வறிவு இல்லாதார்க்கு இயந்திரத்தை எவ்வாறு அமைப்பது என்பதும் விளங்காது.

இளைஞர் இத்தொழிலை விரும்பவில்லையே, வற்புறுத்தலாமா என்பர் வேறு சிலர். விரும்பாமைக்குக் காரணம் யாது? நாள் முழுதும் கண்ணும் விரலும் ஓயச் செய்யும் பணிக்குக் கிடைக்கும் ஊதியம் சிறிது. மதிப்போ அதனினும் சிறிது. திருமணத்தில் பூவுக்கும் விளக்கு அலங்காரத்திற்கும் கணக்கின்றி வழங்கும் நாம், நாகசுரக்காரரிடம் மட்டும் பேரம் பேசுகின்றோம். சில இடங்களில் அவரையும் விலக்கி, பதிவு செய்த இசையைப் பெட்டியில் ஒலிக்கவிட்டுத் தாலி கட்டுகின்றனர். வாசிப்பவர்க்குக் குறைத்ததெல்லாம் இறுதியில் திருவாவடுதுறைத் திண்ணையில் இருப்பவர் தலைமேல் விழுகின்றது. அவர் மகன் கணக்கெழுதச் சென்றதில் வியப்பென்ன?

இன்னும் சிலர், இது குறித்த குடும்பத்தார்க்கே உரிய குலத்தொழில். பிறர்க்கு வாராது என்பர். இக்கூற்றை யாம் ஒப்புக்கொள்ள இயலாது. ஆந்திர நாட்டிலிருந்து வந்து திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா சாகிபு (1924–1999) நாகசுரத்தில் எய்திய பெருமையை அறியாதார் யார்? நாதம் எவர் மூச்சையும் விலக்குவதில்லை. நாணலும் எவர் கையையும் விலக்காது. குடும்பங்கள் காத்து வந்த நுட்பத்திற்கு நன்றி பாராட்டி, அவர்களையே ஆசிரியராகக் கொண்டு, விரும்பும் இளைஞர் எவர்க்கும், ஆடவர் பெண்டிர் என்ற வேறுபாடின்றி, அதனைத் திறந்து விடுதலே தக்கது.

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. முதலாவது: நாகசுரம் கற்பிக்கும் இசைக்கல்லூரிகளும் பள்ளிகளும் சீவாளி செய்தலைப் பாடத்தின் ஒரு பகுதியாகக் கொள்ளல் வேண்டும். கைவினைஞரை ஆண்டுக்குச் சில திங்களேனும் ஊதியம் தந்து வரவழைத்து, பேராசிரியர்க்குரிய மதிப்புடன் அமர்த்துதல் வேண்டும். இரண்டாவது: நம் கல்லூரி போன்றவை இம்முறைகளை எழுதியும் படமெடுத்தும் காத்தல் வேண்டும். தாவரவியல் மாணவர் கொறுக்கையின் வளர்ச்சியையும் முதிர்ச்சியையும் ஆராயலாம். பௌதிக மாணவர் இதழின் கனத்திற்கும் நாதத்திற்கும் உள்ள தொடர்பை அளந்து காணலாம். தமிழ் மாணவர் கைவினைஞர் வழங்கும் சொற்களைத் தொகுக்கலாம். விடுமுறையில் நால்வர் சேர்ந்து ஓர் இரவு இரயிலேறினால் காலையில் காவிரிப் பாங்கை அடையலாம், பெருஞ்செலவு யாதுமில்லை. மூன்றாவது: சபையினரும் இல்லத்தாரும் நாகசுரத்திற்குப் பேசும் தொகையோடு, சீவாளிக்கெனத் தனியே ஒரு சிறு தொகை சேர்த்தளித்தல் வேண்டும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மார்கழியில் நடைபெறும் இசை விழாக்களில் கருவி செய்வோர்க்கும் ஒரு நாள் ஒதுக்கி, மேடையேற்றிச் சிறப்புச் செய்தல் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் நம்மால் இயலாதது என்று கூற முடியுமா?

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் அவ்வித்துவானை மீண்டும் ஒரு முறை கே.கே. நகரில் அவர் இல்லத்தில் கண்டோம். மாடிக் குடியிருப்பொன்றின் சிறிய கூடம். சுவரில் உறையிட்ட நாகசுரம். பலகணி ஓரத்தில் ஒரு சிறு டப்பாவில் சீவாளிகள். அவற்றுள் நன்றாகப் பேசுவன எவை என்று கேட்டோம். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, ஐந்தினைத் தனியே வைத்தார். “இவை தீர்வதற்குள் அவர் உடம்பு தேறி மறுபடி செய்ய உட்கார வேண்டும்” என்றார். செய்து தருபவர் நோயுற்றிருக்கிறார் என்பது அப்பொழுதுதான் எமக்குத் தெரிய வந்தது.

அன்று மண்டபத்தில் நகைத்த இளைஞர் நம் கல்லூரி மாணவரே. இச்செய்தியை அவரிடம் கூறியபொழுது அவர் நெடுநேரம் பேசவில்லை; பின்னர், கோடை விடுமுறையில் திருவாவடுதுறைக்கு எம்முடன் வருவதாகக் கூறினார். ஒருவர் வந்தாரெனின் மற்றையோரும் வருவர் என்பது எம் நம்பிக்கை. வர விழைவோர் எமக்குத் தெரிவிப்பாராக.